யூடியூபர்ஸ் ஓடுனா தடகளம் வளருமா?

சக்கிமங்கலத்தான்:
2024 நவம்பர்ல யூடியூபர் ஐஷோஸ்பீடும் அமெரிக்க ஓட்டக்காரரு நோவா லைல்ஸும் 50 மீட்டர் ஓடுனாங்கள்ல, ஒரு லட்சம் டாலர் பந்தயம், லைல்ஸ்தான் ஜெயிச்சாரு. அதப் பாத்துட்டு எங்க தெருப் பயலுக நாலஞ்சு பேரு ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுக்கு வர ஆரம்பிச்சுட்டாய்ங்க. அதே வருசம் பாரிஸ் ஒலிம்பிக்ல 100 மீட்டர 9.79 செகண்டுல ஓடி தங்கம் வாங்குன மனுசன் அவரு, ஆனா இவய்ங்களுக்கு ஐஷோஸ்பீட் வீடியோல வந்தப்பறந்தான் பேரே தெரியுது. மதுரையிலயும் யூடியூபர்ஸ வச்சு ஒரு ஓட்டப்போட்டி நடத்துனா என்ன?

வைகைக்கரை:
அண்ணே கோவிச்சுக்காதீங்க, எனக்கு இதுல துளி கூட உடன்பாடு இல்ல. ரேவதி வீரமணி உங்க ஊருப் பிள்ளதான? அப்பா அம்மா இல்லாம பாட்டி கூலி வேலை பாத்து வளத்துச்சு, ஆரம்பத்துல ஷூ கூட இல்லாம வெறுங்காலோட ஓடி, 2021ல செலக்‌ஷன்ல 400 மீட்டர 53.55ல முடிச்சு டோக்கியோ ஒலிம்பிக் போச்சு. அங்க ஆணும் பொண்ணும் சேந்து ஓடுற கலப்பு ரிலேல ஓடுன நாலு பேர்ல மூணு பேரு நம்ம தமிழ்நாடு, ரேவதி, சுபா, ஆரோக்கிய ராஜீவ். இத உங்க தெருப் பயலுகள்ட்ட கேட்டுப் பாருங்க, எத்தன பேருக்குத் தெரியும்? நமக்கு ஓட்டம் பிடிக்கலண்ணே, ஓடுறவன் மூஞ்சிதான் பிடிச்சிருக்கு.

சக்கிமங்கலத்தான்:
தம்பி, ரேவதி ஓடுனத எவனாச்சும் அந்தப் பயலுக பாக்குற மாதிரி காட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ல, அதத்தான நானும் சொல்றேன்.

ஓட்டக்காரன்:
நான் ஜூனியர் பசங்களுக்கு காலைல ட்ரெயினிங் குடுக்குறவன், ரெண்டு பேர்ட்டயும் ஒண்ணு சொல்றேன். வீடியோ பாத்துட்டு வந்தவன் பத்து நாள் வருவான், 50 மீட்டர் முடிஞ்சுரும், ஜாலியா இருக்கும். 400 ஓடச் சொன்னா கடைசி நூறுல காலு ரெண்டும் கல்லு மாதிரி ஆயிரும், மூச்சு அடைக்கும், அங்கதான் முக்காவாசிப் பேரு நின்னுருவாய்ங்க. போன வாரம் ஒரு பய ஸ்பைக்ஸ், அதான் ஆணி வச்ச ஓட்ட ஷூ, அடி பிஞ்சு வாயப் பொளந்து கெடக்கு, அத துணி தைக்கிற நூல வச்சு கட்டிட்டு வந்து ஓடுறான். அவனும் வீடியோ பாத்து வந்தவன்தான், இன்னும் நிக்காம வர்றான்.

வைகைக்கரை:
அப்ப அந்தப் பயலுக்கு ஷூ வாங்கிக் குடுக்கத்தான் காசு வேணும், யூடியூபருக்குப் பந்தயப் பணம் குடுக்க இல்ல.

சக்கிமங்கலத்தான்:
கூட்டம் வந்தாத்தான தம்பி அந்தக் காசும் வரும்!

வைகைக்கரை:
வந்த காசுல அவன் கைக்கு எம்புட்டு போகும்னு மொதல்ல எழுதிப் போடுங்க, அப்பறம் பேசுவோம்.