தார் பிளாண்ட் பக்கத்தில் குடியிருப்பவர்கள் தீ விபத்து பார்த்திருந்தால் எழுதுங்கள்

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாந்தோப்பைத் தாண்டினால் கல் உடைக்கும் கிரஷர், அதை ஒட்டியே ரோடு போட ஜல்லியையும் தாரையும் சூடாக்கிக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளாண்ட். புகை, நாற்றம், மா இலையில் படியும் கரி, இதைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. தீயைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

ஐப்பசி மழை விட்ட சமயம். கொஞ்ச காலம் சும்மா கிடந்த பிளாண்டை விடியற்காலையில் ஓட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். பெரிய சீறல் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால், தார் டேங்கின் மேல்மூடியைத் தள்ளிக்கொண்டு கறுப்பு நுரை பொங்கி வழிகிறது, அது அப்படியே இறங்கி பர்னர் பக்கம் போனதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. எங்கள் தெருப் பையன்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே வேலை செய்யும் ஒரு பெரியவர் கையை விரித்து மறித்து, "தண்ணி ஊத்தாதீங்க தம்பி, ஊத்துனா மேல தெறிக்கும், மண்ணை அள்ளிப் போடுங்க" என்று கத்தினார். அவர் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு நாலைந்து பையன்கள் வெந்திருப்பார்கள். லோடர் டிரைவர் கிரஷர் டஸ்ட்டை அள்ளி அள்ளிக் கொட்டினார், தீயணைப்பு வண்டி வந்து நுரை அடித்த பிறகுதான் அடங்கியது.

மழைத்தண்ணீர் டேங்குக்குள் இறங்கியிருக்கிறது, அதுதான் காரணம் என்றார்கள். தாரை 150, 160 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிந்துவிடும், அடியில் மாட்டிய ஆவி மேலே இருக்கும் தாரையெல்லாம் தூக்கிக்கொண்டு வரும். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரிதான், ஆனால் இங்கே பொங்குவது டன் கணக்கில்.

மத்தூர் பக்கத்திலிருந்து ஒருவர்:

அண்ணா, நான் பிளாண்டில் ஆபரேட்டராக இருந்தவன். தார் லேசில் பற்றாது என்று முதலாளிகள் சொல்வதில் பொய் இல்லை, ரோடு போடும் விஜி-30 ரகத் தாருக்குத் தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி தீப்பிடிக்கும் சூடு, குறைந்தது 220 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதைச் சுற்றி இருப்பதெல்லாம் பற்றும். டேங்கைச் சூடாக்க கொதிக்கும் எண்ணெய் ஓடும் ஹாட் ஆயில் பைப்பில் கசிவு இருந்தால், சூடு போகாமல் இருக்க பைப்பைச் சுற்றியிருக்கும் பஞ்சில் எண்ணெய் ஊறி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். நான் பார்த்த தீ அதுதான், ராத்திரியில். வாட்ச்மேனுக்கு எந்த வால்வை மூடுவது என்று தெரியவில்லை. நேரடியாக பர்னர் வைத்துச் சூடாக்கும் டேங்காக இருந்தால் இன்னொன்று: தார் மட்டம் இறங்கி உள்ளே இருக்கும் சூட்டுக் குழாய் வெளியே தெரிந்துவிட்டால், மேலே நிற்கும் ஆவி அதில் பட்டு டேங்கே வெடிக்கும். அப்புறம், சூடான தாரில் மண்ணெண்ணெய் கலப்பதை எங்கே பார்த்தாலும் உடனே விலகிப் போங்கள், வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்:

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டை பட்டாசுக் குடோன் வெடித்து 9 பேர் இறந்ததிலிருந்து எனக்கு இந்தப் பயம் போகவே இல்லை. அது பட்டாசு, இது தார், சரி. ஆனால் ஜனங்கள் இருக்கிற இடத்தில் கொண்டுவந்து வைத்ததுதானே அங்கேயும். நாங்கள் புகை என்று எழுதிக் கொடுத்த மனுவுக்கெல்லாம் புகைபோக்கியை உயர்த்தினார்கள், அவ்வளவுதான். பிறகு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வேறு மாதிரி கேட்டோம்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எந்தத் தேதி வரை, டேங்கைச் சுற்றித் தடுப்புச் சுவர் எங்கே, தீயணைக்கும் நுரை எவ்வளவு இருப்பு, ராத்திரியில் வால்வு தெரிந்த ஆள் யார். சுவர் கட்டிவிட்டார்கள். டிப்பர்களை மட்டும் இன்னும் வழியை அடைத்துத்தான் நிறுத்துகிறார்கள், தீயணைப்பு வண்டி உள்ளே திரும்பவே முடியாது, அதற்காக மறுபடியும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். காவேரிப்பட்டணம் அண்ணா, உங்கள் ஊர் கிராம சபையில் தீர்மானம் ஏதாவது போட்டிருந்தால் அதன் நகலை இங்கே போடுங்கள், எங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.