பிங்க் ஃபிளாய்டின் உக்ரைன் பாட்டு: இசைத்தட்டு வாங்கலாமா, நேராக நிதிக்கு அனுப்பலாமா?

மாடிவீட்டு ரேடியோ:

இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃபிளாய்ட் 2022 ஏப்ரலில் வெளியிட்ட 'ஹே ஹே ரைஸ் அப்' பாட்டை யூடியூபில் ஓசியில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வருடம் ஜூலை 15ல் அது ஏழு அங்குல இசைத்தட்டாகவும் சிடியாகவும் வெளிவந்தது. வரும் பணம் உக்ரைன் நிவாரணத்துக்குப் போகிறதாம். என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன பிளேயர். ஊசி தேய்ந்துபோய் இடது பக்க ஸ்பீக்கர் மட்டும்தான் பாடும். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் தபால் செலவே தட்டின் விலையைத் தாண்டிவிடும்போல் இருக்கிறது. வாங்குவதா, அந்தக் காசை நிவாரண நிதிக்கே அனுப்புவதா? வீட்டம்மாவிடம் கேட்டேன். "ஒரு பாட்டு கேட்க இவ்வளவு தர்மக் கணக்கா?" என்று சிரிக்கிறாள்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. பேஸ் கிட்டார் வாசித்த வாட்டர்ஸ் 1985லேயே குழுவை விட்டு விலகிவிட்டார், கீபோர்டு வாசித்த ரைட் 2008ல் இறந்துவிட்டார். மிச்சம் கிட்டார்காரர் கில்மரும் டிரம்ஸ்காரர் மேசனும்தான். இதைப் பிங்க் ஃபிளாய்ட் பாட்டு என்று சொல்லலாமா?

கேசட்காலத்து ஆள்:

தம்பி, பணத்தை நேராக அனுப்புங்கள். தட்டு என்றால் அச்சு, கடை, தபால் என்று வழியில் கை நீட்டும் இடங்கள் அதிகம். பழைய கதைகளும் இருக்கின்றன. 1971ல் பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவி சங்கரும் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய கச்சேரியில், வாசலில் வசூலான பணம் யுனிசெஃபுக்குச் சீக்கிரமே போய்விட்டது. ஆல்பம் விற்ற பணமோ, தொண்டு அமைப்பு மூலம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாததால், அமெரிக்க வரித்துறையிடம் பல வருடம் மாட்டிக்கொண்டது. 1984ல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக பேண்ட் எய்ட் என்ற பெயரில் பல பாடகர்கள் சேர்ந்து பாடியபோது, பிரிட்டிஷ் அரசு அந்தத் தட்டுக்கும் விற்பனை வரி கேட்டது. பெரிய சத்தம் எழுந்த பிறகுதான் வரியளவு தொகையை நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பாட்டில் அப்படி ஏதும் நடந்ததாகச் சொல்லவில்லை. என் அனுபவத்தில் சுருக்கமான வழிதான் நல்ல வழி.

இடக்கை டிரம்ஸ்:

காசு விஷயத்தில் அண்ணன் சொன்னதே சரி. ஆனால் இது யார் பாட்டு என்ற கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இருக்கிறது: இது முதலில் ஆந்திரி க்ளிவ்னியுக்கின் பாட்டு. உக்ரைனின் பூம்பாக்ஸ் குழுவின் பாடகர். 2022ல் ரஷ்யா படையெடுத்ததும் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பிப் படையில் சேர்ந்தவர். கீவில் சோஃபியா சதுக்கத்தில், தோளில் துப்பாக்கியோடு, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடி இன்ஸ்டாகிராமில் போட்டார். அந்தக் குரலுக்குத்தான் பிங்க் ஃபிளாய்ட் இசை சேர்த்தது. பாடியது 1914ன் ராணுவப் பாட்டு. கலினா என்ற சிவப்புப் பழச் செடி தலை சாய்ந்து நிற்கிறது, அதை நிமிர்த்துவோம் என்பது சாரம்.

டிரம்ஸ் வாசிப்பவனாகச் சொல்கிறேன், இது தலைவலி பிடித்த வேலை. நம் சினிமாவில் மெட்டும் தாளமும் முதலில் தயாராகும், பாடகர் அதன்மேல் பாடுவார். இங்கே தெருவில் நின்று தன் இஷ்டத்துக்குப் பாடிய குரல்தான் முதலில் இருந்தது. அதன் மூச்சுக்கு ஏற்றபடி மேசன் அடிக்க வேண்டும். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. உக்ரைன் ஓவியர் மரியா பிரிமாசென்கோவின் படம் வரைந்த பேஸ் டிரம்மை முன்னால் வைத்து அமைதியாக அடிக்கிறார். கீபோர்டில் நிதின் சாஹ்னி. இருவர் மட்டுமே மிஞ்சிய குழு என்றாலும், 1994க்குப் பிறகு பிங்க் ஃபிளாய்ட் என்று புதிதாக அதிகம் எழுதாமலிருந்த கில்மர் அந்தப் பெயரை எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய மருமகள் உக்ரைன்காரர். தனிப்பெயரில் வெளியிட்டிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்களா?

சும்மா வந்தவன்:

பாட்டு போட்டால் பீரங்கி நின்றுவிடுமா? பணக்காரக் கிழவர்களின் மனநிம்மதி.

இடக்கை டிரம்ஸ்:

நிற்காது சார். கில்மர் போனில் பிடித்தபோது க்ளிவ்னியுக் முகத்தில் குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்கும் அது தெரிந்திருக்கும். பாட்டைப் போனிலேயே கேட்டுச் சம்மதம் சொன்னார்.

மாடிவீட்டு ரேடியோ:

எல்லோருக்கும் நன்றி. பாட்டை டிஜிட்டலாக வாங்கிவிட்டேன். தட்டுக்கு வைத்திருந்த காசை நிதிக்கு அனுப்பியாயிற்று. தபால் செலவுக்கு ஒதுக்கியதையும் சேர்த்துத்தான். அது வீட்டம்மாவின் யோசனை.

ஆனாலும் தட்டின் மறுபக்கம் இழுக்கிறது. பெர்லின் சுவர் விழுந்த பிறகான ஏமாற்றத்தைச் சொல்லும் 1994 பாட்டை, 'எ கிரேட் டே ஃபார் ஃப்ரீடம்', புதிதாகக் கலந்து போட்டிருக்கிறார்கள். சென்னையில் யாரிடமாவது அந்தத் தட்டு இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டுவிட்டுப் போகிறேன், பக்கோடா என் செலவு. அப்புறம், ரிச்சி தெருப் பக்கம் பழைய பிளேயருக்கு ஊசி மாற்றித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா?