அமெரிக்க ஆமி மெடிக்கல்: சின்ன வயசுத் தொய்வு, மைனஸ் 5 கண்ணாடி, கொழும்பிலிருந்து கொண்டுபோக வேண்டிய பேப்பர்கள்

வெள்ளவத்தை வாசி:
தம்பிக்கு 19. லொட்டரியில் கிறீன் கார்ட் விழுந்து மூன்று மாதத்தில் போகிறான், அங்கே ஆமியில் சேர எண்ணம். 11 வயது வரை தொய்வு (ஆஸ்துமா), பம்ப் பாவித்தவன். 14 வயதில் சளி கட்டி ஒருக்கா நெபுலைஸ் பண்ணினது. துண்டில் 'வீசிங்' என்று இருக்கு. கண்ணாடி மைனஸ் 5. கழிச்சுப்போடுவினமோ? போக முதல் இங்கேயே லேசர் செய்யலாமோ?

மூச்சுக்குழல்:
கோடு போட்டிருப்பது 13ஆவது பிறந்தநாளில். அதற்கு முன்பே நின்றுவிட்ட தொய்வு தடையில்லை. அதற்குப் பிறகு தொய்வு, தொய்வுடன் கூடிய மூச்சுக்குழாய் அழற்சி, ஓடினால் வரும் இழுப்பு என்று எது பதிவாகியிருந்தாலும் படையில் சேர்வோரின் மருத்துவத் தகுதி பற்றிய பாதுகாப்புத் திணைக்களத்தின் 6130.03 விதிப்படி தகுதியில்லை. ஆகவே உங்கள் தலையிடி பம்ப் அல்ல, அந்த 14 வயதுத் துண்டுதான். வைரஸ் சளியிலும் வீசிங் கேட்கும். அன்று என்ன நோய் என்று எழுதினார்கள், பிறகு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்களா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

'தொய்வு இல்லை, ஃபிட்' என்று இரண்டு வரிக் கடிதம் வாங்கிப் பிரயோசனமில்லை. கடைசி இழுப்பு, கடைசி பம்ப், இரண்டுக்கும் திகதி வேண்டும். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட் எல்லாவற்றையும் பிரதி எடுங்க. வார்டில் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிப் பதிவறையில் எழுத்தில் கேளுங்க. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இங்கே ஆள் விட்டு எடுப்பது பெரும்பாடு.

நெஞ்சு நோய் டொக்டரைச் சனல் பண்ணி, சல்பியூட்டமோல் என்ற பம்ப் மருந்துக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி மூச்சை அளக்கும் சோதனை) செய்யுங்க. அதற்கு 4 முதல் 6 மணித்தியாலம் முன்பிருந்தே பம்ப் அடிக்கக் கூடாது. மருந்துக்குப் பிறகு எஃப்ஈவி1 (முதல் ஒரு செக்கனில் ஊதும் காற்று) அளவு 12 வீதமும் 200 மில்லிலீற்றரும் சேர்ந்து ஏறினால் அது தொய்வுப் பக்கம் கை காட்டும். வரைபடத்தோடு முழு ரிப்போர்ட்டை வாங்குங்க. அது நோர்மலாக வந்தாலும் தொய்வு இல்லை என்று முடிவாகாது, மூச்சுக்குழாயைச் சுருங்கத் தூண்டிப் பார்க்கும் மெத்தகோலின் சோதனையையும் அவர்கள் கேட்கலாம்.

கண்ணாடிக்காரன்:
லேசர் இப்ப வேண்டாம். கண்ணாடிப் பவருக்கு எல்லை 8 டயொப்டர், மைனஸ் 5 கண்ணாடியோடயே பாஸ் பண்ணலாம். செய்தால் சத்திரசிகிச்சைக்கும் மெடிக்கலுக்கும் இடையில் 180 நாள் போக வேணும், சும்மா அரை வருசம் வீண். செய்தே தீருவன் என்றால் செய்ய முதல் இருந்த பவர், ஒப்பரேஷன் குறிப்பு ரெண்டையும் கேட்டு வாங்குங்கோ. கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பாகிற நோய்) இருந்தால் அது தனித் தடை.

வெள்ளவத்தை வாசி:
நன்றி. ஒரு கேள்வி, இங்கத்தைய துண்டு அங்கே தெரியவா போகுது? சொல்லாமல் விட்டால்?

மூச்சுக்குழல்:
2022 இலிருந்து ஜெனிசிஸ் என்ற கணினி முறை அமெரிக்க ஆஸ்பத்திரிப் பதிவுகளை இழுத்துக் காட்டுகிறது. கொழும்புக் கொப்பி அதில் வராது, உண்மைதான். ஆனால் விசா மெடிக்கலிலும் தொய்வு பற்றிக் கேட்பார்கள், இரண்டு இடத்திலும் ஒரே பதில் இருக்க வேண்டும். மறைத்துச் சேர்வது இராணுவச் சட்டக் கோவையின் 104ஏ பிரிவில் குற்றம். பயிற்சியில் இழுப்பு வந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள், பொய் பிடிபட்டால் பிறகு குடியுரிமை விண்ணப்பத்திலும் இடிக்கும்.

நடைமுறை இதுதான்: ஆள் சேர்க்கும் அதிகாரியோடு 2807-2 என்ற மருத்துவ வரலாற்றுப் படிவத்தை நிரப்பி, பேப்பர்களை இணைத்து அனுப்புவது. படையில் சேர்ப்பதற்கான மெடிக்கல் செய்யும் டொக்டர் 'நிரந்தரத் தகுதியின்மை' என்று எழுதினால் பதற வேண்டாம், பெயர்தான் பயங்கரம். தகுதியில்லாவிட்டாலும் சேரலாம் என்று விலக்குக் கொடுப்பது அவரில்லை, அந்தந்தப் படையின் மருத்துவப் பிரிவு. ஆமி மறுத்ததை நேவி ஏற்கலாம், மறுவளமாகவும் நடக்கும். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற உரிமை மட்டும் யாருக்கும் கிடையாது.

கண்ணாடிக்காரன்:
இன்னொன்று. நம்ம பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பீசீஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுறது, அதனால் தோலில் குத்திப் பார்க்கும் காசநோய்ச் சோதனை சில பேருக்கு வீங்கும். அப்படி வந்தால் ஐஜிஆர்ஏ இரத்தச் சோதனை கேளுங்கோ, அதை பீசீஜி குழப்பாது. தடுப்பூசிக் கார்ட்டையும் கையோட எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கோ.