வீட்டுக் கணினிக்கு எந்த வைரஸ் தடுப்பு மென்பொருள்?

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 11 கணினி ஒன்றை நானும் பிள்ளைகளும் பயன்படுத்துகிறோம். அதனுடன் வந்த வைரஸ் தடுப்பு மென்பொருளின் சோதனைக் காலம் முடியப்போவதால், சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு திரையின் மூலையில் வந்துகொண்டே இருக்கிறது. பணம் கட்டித் தொடர வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பதே போதுமா?

மறுமொழி 1:
விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது என்பதே என் கருத்து. வேறொரு வைரஸ் தடுப்பு மென்பொருள் இயங்கும்வரை அது தானாகவே ஒதுங்கியிருக்கும் என்பதால், சோதனைப் பதிப்பை முழுமையாக நீக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகு, 'விண்டோஸ் செக்யூரிட்டி' பக்கத்தில் நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மென்பொருள்களை ஒருசேர இயக்க வேண்டாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மென்பொருளைவிட முக்கியமானது விண்டோஸ் அப்டேட். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) பயன்படுத்திய பாதுகாப்பு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் ஏராளமாகச் சிக்கின. குடும்பப் படங்களின் நகலை ஒரு வெளி வட்டில் எடுத்து, வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். இணைப்பிலேயே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

மறுமொழி 3:
பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு அவசியம். கட்டண மென்பொருள்தான் வேண்டுமென்றால், விளம்பரத்தை நம்பாமல் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்களின் அண்மைய முடிவுகளில், நல்ல கோப்பையும் வைரஸ் என்று சொல்லும் தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.