அப்பா கல்லறைக்கு ஒரு வசனம்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்
வெள்ளி, மாலை 6.50

ஜெபின்: எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கல்லறைக் கல் செய்கிறவர் போன் பண்ணினார். பெயரும் தேதியும் வெட்டியாயிற்று. வசனம் மட்டும் நாளைக் காலைக்குள் வேண்டுமாம். இரண்டு வரிக்குத்தான் இடம். வரிக்கு 20 எழுத்தைத் தாண்டினால் பொடியாகிவிடும் என்கிறார். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு முன்னால் கல்லை வைத்துவிட வேண்டும்.

பியூலா அக்கா: சரிப்பா. சித்தி சாப்பிட்டார்களா?

ஜெபின்: கஞ்சி குடித்தார்கள் அக்கா.

டேவிட் அண்ணன்: "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்." தாத்தா கல்லில் இருப்பதுதான். பக்கத்துப் பக்கத்தில் ஒரே வசனம் இருக்கட்டுமே.

மோசஸ் மாமா: நல்ல வசனம்.

பெரியப்பா: அது அப்பாவுக்கு எழுதிய வசனம். உபதேசியாராக ஊர் ஊராக சைக்கிள் மிதித்தவருக்கு எழுதியது. எல்லோருக்கும் போடுகிற வசனம் இல்லை.

டேவிட் அண்ணன்: ஒரு யோசனைதான் அப்பா.

பெரியப்பா: கல்லில் பொய் எழுதக் கூடாது. எழுதுவதானால் கலாத்தியர் 6:7 எழுதுங்கள். "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்." நானாகச் சொல்லவில்லை, வேதம் சொல்கிறது.

ஷெரின்: மாமா...

பியூலா அக்கா: அப்பா, சித்தியும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

பெரியப்பா: தெரியும். கிரேஸுக்குத் தெரியாத கதையா? ஓடைக்கரை வயலை என் கையெழுத்தை அவனே போட்டு அடகு வைத்தான். அம்மா சாகிற வரைக்கும் அந்த வயலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். 11 வருஷம் ஆயிற்று.

மோசஸ் மாமா: அதெல்லாம் இப்போது வேண்டாம் மச்சான். பந்தலுக்கு யார் பேசுகிறீர்கள்? போதகர் ஐயர் வருகிறார். எப்படியும் 100 பேர் வருவார்கள். கறியா, சைவமா?

டேவிட் அண்ணன்: நான் பஹ்ரைனில் இருந்துகொண்டு பந்தலுக்கு எப்படி மாமா பேசுவது? பணம் அனுப்புகிறேன்.

மோசஸ் மாமா: ஜெபின், பேசிவிடு. எலுமிச்சை சாதம் மட்டும் வேண்டாம். போன தடவை ஒருவரும் தொடவில்லை.

ஜெபின்: சரி மாமா. ஜெபராணி அத்தை, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடக்கத்துக்கு மறுநாள் துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, இந்தச் சாவு தேவ தண்டனை என்றார். "அப்பன் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் விசாரிப்பார், நீயும் ஜாக்கிரதையாக இரு" என்றார். அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. அது உண்மையா அத்தை?

பியூலா அக்கா: யார் அது?

ஷெரின்: யாராக இருந்தாலும், சாவு வீட்டில் பேசுகிற பேச்சா அது?

ஜெபராணி அத்தை: ஜெபின் கண்ணா, இப்போதுதான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அந்த வசனம் யாத்திராகமம் 20:5. அதைச் சொன்னவர் அடுத்த வசனத்தை ஏன் விட்டார்? பகைக்கிறவர்களுக்கு மூன்று நான்கு தலைமுறை. அன்பு கூருகிறவர்களுக்கு "ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கஞ்செய்கிறவராயிருக்கிறேன்" என்று ஆறாம் வசனம் இருக்கிறது. மூன்றையும் நாலையும் எண்ணினவருக்கு ஆயிரம் கண்ணில் படவில்லை. இன்னொன்று. "விசாரிக்கிற" என்று அங்கே வருகிற எபிரெயச் சொல் தண்டிப்பதற்கு மட்டும் உள்ளது இல்லை என்று ஐயர் ஒரு தடவை வேதபாடத்தில் சொன்னார். ரூத் 1:6-ல் பஞ்சத்துக்குப் பிறகு கர்த்தர் தம்முடைய ஜனங்களைச் "சந்தித்து" ஆகாரம் கொடுத்தார் என்று இருக்கிறதே, அதுவும் அதே சொல்தான். அவர் வந்து விசாரித்தால் கையில் பிரம்புதான் இருக்கும் என்று எப்படி முடிவு கட்டுவது?

ஜெபராணி அத்தை: அப்புறம் எசேக்கியேல் 18-ஐ முழுசாக வாசி, இன்றைக்கே வாசி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்கள் நடுவில் இருந்த தீர்க்கதரிசி அவர். "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று ஜனங்கள் ஒரு பழமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பன் தின்ற காய்க்கு எங்கள் பல் கூசுகிறதே என்கிற புலம்பல். கர்த்தர் என்ன சொன்னார்? இனி இஸ்ரவேலில் இந்தப் பழமொழியே கூடாது என்றார். 20-ஆம் வசனம்: "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை, தகப்பன் குமாரனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." அந்தத் திண்ணைக்காரர் மறுபடி வந்தால் இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டு. உன் பல் கூச வேண்டியது இல்லை.

ஜெபின்: சரி அத்தை.

மோசஸ் மாமா: ஷெரின், அப்பா கண்ணாடியைப் பார்த்தாயா?

ஷெரின்: பிரிட்ஜ் மேலே இருக்கிறது அப்பா. குழுவில் ஏன் கேட்கிறீர்கள்?

பெரியப்பா: ஜெபராணி, நீ பையனுக்குச் சொன்னது சரி. ஆனால் தண்டனையே இல்லை என்று போதிக்காதே. அனனியா சப்பீராள் என்ன ஆனார்கள்? அப்போஸ்தலர் 5. காணியை விற்ற பணத்தில் பொய் சொன்னார்கள். பேதுருவுக்கு முன்னால் விழுந்து செத்தார்கள். அதுவும் காணி விஷயம்தான்.

டேவிட் அண்ணன்: அப்பா, போதுமே.

பெரியப்பா: நீ குறுக்கே வராதே. என் கேள்விக்கு அவள் பதில் சொல்லட்டும். எல்லோரும் அவனுக்கு இரக்கம் இரக்கம் என்கிறீர்கள். எனக்கு நியாயம் எங்கே?

ஜெபராணி அத்தை: நியாயம் கேட்பது தப்பு இல்லை அண்ணன். ஆபிரகாம் கேட்டார், யோபு கேட்டார். உங்களுக்கு நஷ்டமே இல்லை என்று வேதத்தில் எங்கேயும் எழுதவில்லை. வரி வசூலித்த சகேயு மனம் திரும்பின அன்றைக்கே, அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். தம்பி அதைச் செய்யாமலே போய்விட்டான். அது எனக்கும் வலிக்கிறது. தண்டனையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. குடித்தான், கல்லீரல் போயிற்று. விதைத்ததை அறுத்தான், அது நம் கண் முன்னால் நடந்தது. ஆனால் இந்த நோவு தேவன் கொடுத்த அடி, இந்தச் சாவு அவர் எழுதின தீர்ப்பு என்று அளந்து சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார். அவரே "அப்படியல்ல" என்றார். அடுத்த மூச்சில் நீங்கள் மனந்திரும்புங்கள் என்று நின்றுகொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். செத்தவர்களைப் பற்றிக் கேட்கப் போனவர்களுக்கு அந்தப் பதில்தான் கிடைத்தது.

ஜெபராணி அத்தை: பேதுரு அன்றைக்கு அப்படிச் சொன்னார், சரி. அந்தப் பேதுரு யார் அண்ணன்? பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பில் குளிர் காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்னவர். யோவான் 21-ல் கடற்கரையில் ஆண்டவர் திரும்பவும் கரிநெருப்புப் போட்டு வைத்திருக்கிறார், அதன்மேல் மீனும் அப்பமும். கணக்குக் கேட்கிறதற்கு முன்னால் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றுதான் கூப்பிட்டார். சாப்பிட்ட பிறகுதான் என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டார். கேட்காமல் விடவில்லை, ஆனால் பசியோடு நிறுத்தி வைத்துக் கேட்கவும் இல்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

ஜெபின்: பெரியப்பா, வயல் பணத்தை நான் தருகிறேன். மொத்தமாக முடியாது. மாதாமாதம் தருகிறேன்.

பெரியப்பா: உன்னிடம் கேட்டேனா? குமாரன் சுமப்பதில்லை என்று உன் அத்தை இப்போதுதானே எழுதினாள். உன்னிடம் ஒரு பைசா வாங்க மாட்டேன். படிப்பை முடி.

பியூலா அக்கா: அப்பா...

டேவிட் அண்ணன்: வசனத்துக்கு வருவோமா? கல்காரர் காத்திருக்கிறார்.

ஷெரின்: புலம்பல் 3:22. "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை." எண்ணிப் பார்த்தேன், 19 எழுத்து. ஒரே வரியில் நிற்கும்.

பியூலா அக்கா: எனக்குப் பிடித்திருக்கிறது.

மோசஸ் மாமா: எனக்கும் சரி. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயா பியூலா?

பியூலா அக்கா: காத்திருப்பில் இருக்கிறது மாமா.

இரவு 9.15

அம்மா: எல்லோரும் எழுதினதை வாசித்தேன். எனக்கு வேகமாக அடிக்க வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வியாழக்கிழமை அவருக்குக் கால் வீங்கி வேட்டி கூட நிற்கவில்லை. துண்டைப் போர்த்தியிருந்தேன். ஊசி குத்தியிருந்த கையால் போனைக் காட்டி, அண்ணனுக்குப் போடு என்றார். போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொரு தரம் போடு என்றார். அப்போதும் அடித்து ஓய்ந்தது. சாயங்கால நேரம். அத்தான் கோயிலில் இருந்திருப்பீர்கள் என்று சொன்னேன்.

ஜெபராணி அத்தை: கிரேஸ், இதை ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை?

அம்மா: சொல்லி என்ன ஆகப்போகிறது மதினி.

ஷெரின்: அத்தை, தனியாக இருக்கிறீர்களா? நான் வரட்டுமா?

அம்மா: ஜெபின் இருக்கிறான் கண்ணு.

இரவு 9.40

பெரியப்பா: நான் கோயிலில் இல்லை. வீட்டில்தான் இருந்தேன். பெயரைப் பார்த்தேன். எடுக்கவில்லை. இரண்டு தரமும்.

இரவு 9.52

அம்மா: அவர் கோபப்படவில்லை அத்தான். "அண்ணன் எடுக்காதது நியாயம்தான்" என்றார். அப்புறம் சங்கீதம் 103 வாசிக்கச் சொன்னார். வாசித்துக்கொண்டே வந்தேன். 14-ஆம் வசனத்தில் கையைத் தூக்கி, போதும் என்றார். "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார்; நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்." அதையே திரும்ப ஒரு தரம் வாசி என்றார். வாசித்தேன். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை.

ஜெபராணி அத்தை: இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கின கள்ளனும் "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்றுதான் சொன்னான். அதைச் சொல்லிவிட்டுத்தான் "அடியேனை நினைத்தருளும்" என்று கேட்டான். என் தம்பி... எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

மோசஸ் மாமா: இவள் இங்கே அழுதுகொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் விடுங்கள்.

டேவிட் அண்ணன்: சித்தி, நாளைக்குக் கூப்பிடுகிறேன்.

பியூலா அக்கா: அப்பா, போனை எடுங்கள். மூன்று தரம் அடித்துவிட்டேன்.

இரவு 10.20

பெரியப்பா: ஷெரின், "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" எத்தனை எழுத்து?

ஷெரின்: 15 மாமா. அதுவும் ஒரு வரியில் நிற்கும்.

பியூலா அக்கா: புலம்பல் வசனமும் சேர்த்தால் இரண்டு வரி ஆயிற்று. இரண்டையும் போட்டுவிடலாமே?

டேவிட் அண்ணன்: எது மேலே, எது கீழே?

மோசஸ் மாமா: கிரேஸ்தான் சொல்ல வேண்டும்.

அம்மா: எனக்கு எதுவானாலும் சரி. அத்தான் சொல்லட்டும்.

பெரியப்பா: போனில் முடிவு செய்ய வேண்டாம். ஜெபின், கல்காரரிடம் திங்கள் வரைக்கும் நேரம் கேள். நாளைக்கு நான் வருகிறேன். கல்லைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஜெபின்: சரி பெரியப்பா. எட்டு மணி பஸ்ஸா? நான் வண்டி எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்து, நேரே கல் பட்டறைக்குக் கூட்டிப்போகிறேன்.

பெரியப்பா: முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். நேரே வீட்டுக்குத்தான். கிரேஸ், காலைச் சாப்பாடு அங்கேதான் எனக்கு.

அம்மா: சரி அத்தான். மாவு இருக்கிறது.