மறுமொழி: படம் பார்க்கும் வெளிச்சம், சுவர், அறை: மொத்தத்துக்கும் 'காண்நிலை'?

வணக்கம். படம் பார்க்கும்போது இருக்கும் ஒளியையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஆங்கிலத்தில் viewing conditions என்பார்கள். அதற்குத் தமிழில் 'காண்நிலை' என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'பார்வைச் சூழல்' போதும். எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் தம்பி. ஆனால் 'சூழல்' என்ற சொல்லை இங்கேயே செலவழித்துவிட்டால் பிறகு கையைக் கடிக்கும். ஒரு நிறம் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்று கணக்கிடும் சீஐஈகாம்02 என்ற நிறத்தோற்ற மாதிரியில், பார்க்கும் நிறத்தைச் சுற்றிப் பார்வைக் கோணத்தில் ஏறத்தாழ 10 பாகை வரை ஒரு புலம், அதற்கு அப்பால் அறை முழுவதும் இன்னொரு புலம் என்று வெவ்வேறாக வருகின்றன. முதலாவது பின்புலம். இரண்டாவதுக்குத்தான் 'சூழல்' வேண்டும். அதிலேயே சராசரி, மங்கல், இருள் என்று மூன்று வகை உண்டு. தியேட்டர் இருட்டில் அதே படம் கொன்ராஸ்ற் குறைந்து தெரிவதும், அதை ஈடுசெய்யக் கூட்டி அமைப்பதும் இந்த இரண்டாவதன் வேலை.

எனவே வெளிச்சம், சுவர் நிறம், பின்புலம், சூழல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'காண்நிலை' என்கிறேன். ஊறுகாய், சுடுநீர் மாதிரி வினைத்தொகை. அடை சேர்த்தாலும் நீளாது: நியமக் காண்நிலை, வீட்டுக் காண்நிலை.

> இலங்கைப் பாடநூல் வழக்கில் 'நிபந்தனை' இருக்கிறதே. 'நோக்கல் நிபந்தனை' என்றால் என்ன?

நிபந்தனை என்றால் யாரோ விதித்தது. அச்சுப் படங்களை எந்த ஒளியில் பார்ப்பது என்று வகுக்கும் ஐஎஸ்ஓ 3664 நியமம் விதிப்பதற்கு அது சரியாகவே பொருந்தும்: டீ50 என்ற நியம வெள்ளொளி, அச்சுகளை ஒப்பிட்டுப் பார்க்க அவற்றின் மேல் விழும் ஒளி 2000 லக்ஸ், வீட்டில் பார்ப்பதுபோல மதிப்பிட 500 லக்ஸ், சுற்றிவரப் பளபளப்பில்லாத நடுநிலைச் சாம்பல். திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி நிற நியமம் விதிப்பது வேறு: டீ65 என்ற இன்னொரு நியம வெண்மை, திரையின் பிரகாசம் சதுர மீற்றருக்கு 80 கண்டெலா, அறையில் 64 லக்ஸ் மட்டும்.

ஆனால் எங்கட ஊர்க் கலியாண அல்பத்தை யார் இதுக்குள்ளே பார்க்கினம்? கூறைச்சேலையின் அரக்குச் சிவப்பு ஸ்ரூடியோ மொனிற்றரில் சரியாக இருக்கும். இரவு வீட்டில் மலிவான வெள்ளை எல்ஈடி குமிழின் கீழ் அல்பத்தை விரித்தால் அதே சிவப்பு மண்ணிறம் தட்டும், ஏனெனில் அந்த ஒளியில் ஆழ்சிவப்பு குறைவு. காலையில் விறாந்தைக்குக் கொண்டுவாருங்கோ, சிவப்பு திரும்பி வந்துவிடும். மையும் அதே, தாளும் அதே. அந்தக் குமிழை எந்த நியமமும் விதிக்கவில்லை, ஆனாலும் அது நிறத்தை மாற்றுகிறது. அதையும் அடக்குகிற சொல்தான் வேண்டும்.

'பிறின்ற் இருட்டாய் வந்திட்டுது' என்ற முறைப்பாட்டிலும் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் எண்ணம். மங்கலான அறையில் மொனிற்றரின் பிரகாசத்தை உச்சத்தில் வைத்துத் திருத்துகிறார்கள். நிழல் பகுதிகள் திரையில் தெளிவாகத் தெரிவதால் மேலும் கறுப்பாக்குகிறார்கள். பிறகு அச்சகத்தோடு சண்டை. பின்னால் பச்சைச் சுவர் இருந்தால் கேட்கவே வேண்டாம்: சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அச்சிலும் விழும், கண்ணும் அந்தப் பச்சைக்கே பழகிவிடும். மொனிற்றரை அளவுதிருத்தும் கருவி இந்தச் சுவரைப் பார்க்காது.

> அறையில் உள்ள ஒளிக்கு 'அறையொளி' வைக்கலாமா?

எனக்குச் 'சூழொளி'தான் பிடிக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் படம் எடுப்பவர்கள் லப்ரொப்பை வீதியோரப் பந்தலில் வைத்தே திருத்தி அனுப்புகிறார்கள். அங்கே ஒளி உண்டு, அறை இல்லை. மாற்று யோசனை இருப்பவர்கள் எழுதுங்கோ. பின்புலம், சூழல் இரண்டையும் மட்டும் ஒன்றாக்கிவிட வேண்டாம்.