420 வரி மெத்தடை எங்கிருந்து பிரிப்பது?

கேள்வி (புதுப்பையன்):
சம்பளம் போடும் ஜாவா மென்பொருள் ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ப்ராசஸ்சேலரி என்று ஒரே மெத்தட் (பெயர் சொல்லிக் கூப்பிடும் கோடுத் துண்டு), 420 வரி கோடு. பிஎஃப், இஎஸ்ஐ (ஊழியர் மருத்துவக் காப்பீடு), லீவு பிடித்தம், பேங்க் ஃபைல், எல்லாம் அதற்குள்ளேயே. நடுவில் ஃப்ளாக்2 என்று ஒரு பூலியன் (ஆம்/இல்லை மட்டும் வைக்கும் மாறி). அதனால் இஎஸ்ஐ வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சிலருக்கும் இஎஸ்ஐ பிடிக்கிறது. பிழை என்று தூக்கப் போனேன், கை வரவில்லை. சின்ன மெத்தடாகப் பிரித்தால் வேகம் குறையும் என்று டீம் லீட் வேறு பயமுறுத்துகிறார்.

பதில் (பழைய கணக்கன்):
தம்பி, தூக்காமல் விட்டீர்களே, பிழைத்தீர்கள்! இஎஸ்ஐயில் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலம். நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தாக வேண்டும். ஜூனில் இன்கிரிமென்ட் வாங்கியவருக்குச் செப்டம்பர் வரை 0.75% போகும். ஃப்ளாக்2-ஐப் பார்க்கும் அந்த இஃப் நிபந்தனையை மட்டும் முதலில் வெளியே எடுத்து, 'பங்களிப்புக் காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டியவரா' என்று பொருள் வரும்படி பெயர் வையுங்கள். ஃப்ளாக்2 என்று வைத்த புண்ணியவானுக்கும் இது தெரிந்துதான் இருந்திருக்கும்.

பதில் (இரவுப்பணி):
கை வைப்பதற்கு முன் போன வருஷத்து 12 மாதத்தையும் பழைய கோடில் ஓட்டி, வந்த தொகைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். கோடு எழுதும் இன்டெல்லிஜேயில் வரிகளைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஆல்ட்+எம் அழுத்தினால் தனி மெத்தடாகப் பிரியும். ஒவ்வொரு தடவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புது மெத்தட் ஏழு பாராமீட்டர் (வெளியிலிருந்து தர வேண்டிய மதிப்பு) கேட்டால் வெட்டிய இடம் தப்பு, அன்டூ போட்டுவிடுங்கள்.
வேகத்தைப் பற்றி லீடிடம் சொல்லுங்கள்: ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் சின்ன மெத்தடைத் தானே இன்லைன் செய்துகொள்ளும், அதாவது கூப்பிட்ட இடத்திலேயே சேர்த்துவிடும். பைட்கோடு (கம்பைல் ஆன ஜாவா கோடு) 8,000 பைட்டைத் தாண்டிய மெத்தடைத்தான், செட்டிங்கை மாற்றாதவரை, ஜிட் (ஓடும்போதே வேகமான மெஷின் கோடாக மாற்றும் பகுதி) தொடவே தொடாது.

புதுப்பையன்:
நன்றி அண்ணா. ஒன்பது மெத்தட் பிரித்தேன். ஒப்பிட்டதில் சிலருக்கு மட்டும் இஎஸ்ஐ ஒரு ரூபாய் குறைந்தது. பிரிக்கும்போது 'அழகாக' இருக்கட்டும் என்று சீல் (மேல் ரூபாய்க்கு ஏற்றுவது) இருந்த இடத்தில் ரவுண்ட் (பக்கத்து ரூபாய்க்கு மாற்றுவது) போட்டிருந்தேன்.

பழைய கணக்கன்:
இஎஸ்ஐயில் பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். அதையும் பெயரிலேயே வையுங்கள். சரி, ஃப்ளாக்1 என்ன செய்கிறது?

புதுப்பையன்:
திங்கட்கிழமை பார்க்கிறேன் அண்ணா.